மறு: கிரேசிங் – ‘நுண்விரிசல்’ போதாது, ‘மெருகு வெடிப்பு’ என்று வைக்கலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். பீங்கான் பொம்மைகளின் மேல்பூச்சில் வலைபோல விழும் கோடுகளை ஆங்கிலத்தில் கிரேசிங் என்கிறார்கள், அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் விவாதத்தில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> பழைய ஜெர்மன் பீங்கான் பொம்மைகளின் மேல் வலைபோல ஓடும் மெல்லிய கோடுகளுக்கு ‘நுண்விரிசல்’ என்றே வைத்துவிடலாம். எளிமையாக இருக்கிறது.

எளிமைதான், ஆனால் இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு பொம்மையின் நிலைமையை இன்னொருவருக்குச் சரியாகச் சொல்ல முடியாது. பழைய பொம்மையில் ஒரு கோடு தெரிந்தால் அது மூன்று வேறு சங்கதிகளில் ஒன்றாக இருக்கலாம். மூன்றும் நுண்ணியவை, மூன்றையும் விரிசல் என்று சொல்லலாம். விலையும் பராமரிப்பும்தான் மூன்றுக்கும் வேறு வேறு.

ஒன்று, சூளையிலேயே வந்தது. 1731இல் ஜெர்மனியின் மைசென் பீங்கான் தொழிற்கூடத்தில் சேர்ந்த யோஹான் யோவாகிம் கெண்ட்லர் வடித்த உருவங்களைப் பாருங்கள்: கை, தலை, உடல் எல்லாம் தனித்தனி அச்சில் எடுத்து, கரைத்த களிமண் குழம்பால் ஒட்டிச் சுட்டவை. சுடும்போது மண் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சுருங்கும், தடிமன் மாறுகிற இடத்தில், பெரும்பாலும் அடிப்பீடத்தில், லேசாக வாய் பிளந்துவிடும். அப்புறம் பூசுகிற மெருகு, அதாவது கண்ணாடி போன்ற மேல்பூச்சு (கிளேஸ்), அந்தப் பிளவுக்குள்ளும் ஓடி ஓரங்களை மழுக்கிவிடும், நகத்தால் தடவினால் இடறாது. இதைச் சேதம் என்று சொல்வது தவறு, அந்தப் பொருள் பிறந்தபோதே இருந்த அடையாளம் அது. இதற்கு ‘சூளைப் பிளவு’ என்று முன்பே இங்கே ஒருவர் சொல்லியிருக்கிறார், எனக்கு முழுச் சம்மதம்.

இரண்டாவது, கீழே விழுந்தோ இடிபட்டோ வந்தது. மெருகைத் தாண்டி உடல்வரை இறங்கியிருக்கும், ஓரம் கூர்மையாக இருக்கும், அழுக்கு ஏறிக் கறுத்த ஒற்றைக் கோடாகத் தெரியும். ‘விரிசல்’ என்ற சொல்லை இதற்கு மட்டும் விட்டுவைக்க வேண்டும் என்பது என் கருத்து. பேச்சு வழக்கிலும் சுவரில், கண்ணாடியில் இப்படி ஓடுகிற கோட்டைத்தானே விரிசல் என்கிறோம்.

மூன்றாவதுதான் நம் விவாதத்துக்கு உரிய கிரேசிங். இது மெருகில் மட்டும் வருவது, உடல் உடைந்திருக்காது. சுட்டு ஆறும்போது உடலைவிட மெருகு அதிகமாகச் சுருங்கினால், கீழே இருக்கும் உடல் அதை விடாமல் பிடித்திருப்பதால் மெருகு இழுபட்டு, தாங்க முடியாமல் வலைவலையாகப் பிரியும். தண்ணீர் வற்றிய வயலை நினைத்துப் பாருங்கள், மேல்மண் காய்ந்து சுருங்குகிறது, அடிமண் ஈரத்தோடு அப்படியே நிற்கிறது, அதனால்தான் மேலே கட்டம் கட்டமாகப் பிளக்கிறது. அதை நம் ஊரில் வெடிப்பு என்றுதான் சொல்கிறோம். தோற்றம் மட்டுமில்லை, காரணமும் ஒன்றே. ஆகவே ‘மெருகு வெடிப்பு’.

> ‘வெடிப்பு’ என்றால் குண்டுவெடிப்பு நினைவுக்கு வராதா?

வராது. காலில் பித்தவெடிப்பு என்று சொல்லும்போது யாரும் பயந்து ஓடுவதில்லை.

> ஜெர்மன் சொல்லையே பார்த்து ‘மயிரிழை விரிசல்’ என்று பெயர்த்தால் என்ன?

ஜெர்மனில் இதை ‘ஹார்ரிஸ்’ என்கிறார்கள், மயிரிழைக் கீறல் என்றுதான் பொருள். ஆனால் அந்தச் சொல் மெருகில் வரும் வலைக்கும் உடலில் ஓடும் மெல்லிய விரிசலுக்கும் சேர்த்தே புழங்குகிறது. அவர்களிடம் இருக்கும் குழப்பத்தை நாம் ஏன் கடன் வாங்க வேண்டும்?

இந்த வேறுபாடு எந்தப் பொம்மைக்கு முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மைசென், நிம்பன்பர்க் போன்ற ஜெர்மன் தொழிற்கூடங்களின் கடினப் பீங்கானில் உடலும் மெருகும் கிட்டத்தட்ட ஒரே மூலப்பொருள்கள், அதாவது கயோலின் என்ற வெண்களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் என்ற கனிமங்கள். ஏறக்குறைய 1400 டிகிரி செல்சியஸில் இரண்டும் சேர்ந்தே வேகும், அதனால் மெருகு வெடிப்பு அபூர்வம். பலரும் சேர்க்கிற ஹம்மல் பொம்மைகள் அப்படியல்ல. மரியா இன்னொசென்ஷியா ஹம்மல் என்ற கன்னியாஸ்திரீயின் ஓவியங்களை வைத்து கோபெல் நிறுவனம் 1935இல் வெளியிடத் தொடங்கியவை அவை, எல்லோரும் பீங்கான் என்கிறார்கள், உண்மையில் அவை நுண்துளை உள்ள மண்பாண்ட வகை. அந்த உடல் காற்றிலுள்ள ஈரத்தை ஆண்டுக்கணக்கில் மெல்ல உறிஞ்சிப் பருக்கும், மெருகு பருக்காது. அதனால்தான் வாங்கும்போது பளிங்குபோல இருந்த பொம்மை, அலமாரியை விட்டு நகராமலே பல ஆண்டுகள் கழித்து வலை விழுந்து நிற்கிறது.

பராமரிப்புக்கு வந்தால், வெடித்த மெருகு தண்ணீரையும் அழுக்கையும் உள்ளே விடும். எனவே ஊறவைக்கக் கூடாது. ஒப்பனைக்குப் பயன்படுத்தும் மாதிரி மென்மையான தூரிகையால் தூசி தட்டினாலே போதும். வெளுப்பதற்கு பிளீச்சில் போடுவதை நான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன், உள்ளே போகும் உப்பு பின்னால் படிகமாகி மெருகைப் பெயர்த்துவிடும். வெயில் விழும் ஜன்னலோரம், அடுப்பங்கரைச் சுவர், ஓட்டுக்கு அடியில் உள்ள பரண், மூன்றும் ஆகாது. சூளைப் பிளவு உள்ள கடினப் பீங்கானுக்கு இவ்வளவு கெடுபிடி தேவையில்லை, பழைய ஒட்டுவேலையும் பொன்பூச்சும் இல்லையென்றால் ஈரப் பஞ்சால் துடைக்கலாம். ‘நுண்விரிசல்’ என்று மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டால் இந்த அறிவுரையை எப்படி எழுதுவது?

‘மெருகு’ என்பதே சரியா, கண்ணாடிப்பூச்சு என்று வேண்டாமா என்று அக்கா கேட்டிருந்தார்கள். மெருகு உண்மையில் கண்ணாடிதான், அது சரி. ஆனாலும் கூட்டுச்சொல் அமைக்க மெருகு கைகொடுக்கிறது: மெருகுக்கு அடியில் தீட்டும் மைசெனின் குறுக்கு வாள் முத்திரை ‘மெருகடி நீலம்’, மேலே தீட்டி மறுபடி குறைந்த சூட்டில் சுடுவது ‘மெருகுமேல் வண்ணம்’. மெருகு அளவுக்கு மீறி அழுத்தப்பட்டுச் செதிலாகக் கழல்கிற எதிர்க் குறைக்கு ‘மெருகு உரிதல்’.

இன்னொன்று. சீனாவில் சோங் அரசமரபின் காலத்திலிருந்தே அழகுக்காக வேண்டுமென்றே வலை விழச் செய்த பாண்டங்கள் உண்டு. அதற்குத் தனிச்சொல் தேட வேண்டாம், இரண்டையும் இடம் மாற்றி ‘வெடிப்பு மெருகு’ என்று வைத்தால் போதும், அது பூச்சின் பெயராகிவிடும். டிரெஸ்டன் லேஸ் பொம்மைகளுக்கு மட்டும் லேஸ் என்றே இருக்கட்டும். உண்மையான பருத்தி லேஸைப் பீங்கான் குழம்பில் தோய்த்து ஒட்டிச் சுடுகிறார்கள், நூல் எரிந்துபோய் கூடு மட்டும் நிற்கிறது, பெயரும் அந்தத் துணியுடையது.

மறுப்பு இருப்பவர்கள் எந்தப் பொம்மையை மனதில் வைத்துச் சொல்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், கடினப் பீங்கானா மண்பாண்டமா என்று தெரிந்தால்தான் சொல் பொருந்துகிறதா என்று பார்க்க முடியும்.