நிலக்கரியை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் கப்பல்: பாலஸ்ட் அன்றும் இன்றும்

அலைவாய்:
நிலக்கரிக் கப்பலுக்குப் பெரும்பாலும் ஒருவழிச் சரக்குதான். இறக்கிய இடத்தில் திருப்பி ஏற்ற ஒன்றும் கிடைக்காது. காலிக் கப்பல் நிலையாக மிதக்க ஏற்றும் எடைதான் பாலஸ்ட். இன்று அதற்காக டேங்கில் கடல்நீரை நிரப்பிக்கொண்டு கிளம்புகிறார்கள். பாய்மரக் காலத்தில் என்ன செய்தார்கள்? இன்னொன்று, கேப்சைஸ் எனப்படும் மிகப் பெரிய மொத்தச் சரக்குக் கப்பல்களில் சரக்கறை ஒன்றிலேயே தண்ணீர் நிரப்புகிறார்களாமே, டேங்க் போதாதா?

பழைய பாய்மரம்:
மணலும் சரளையும்தான். நியூகாசிலிலிருந்து நிலக்கரி கொண்டுவந்த கப்பல்கள், லண்டனில் அதை இறக்கியதும் தேம்ஸ் படுகையில் வாரிய சரளையை ஏற்றிக்கொள்ளும். சரளை வாரி விற்கும் உரிமை 1594 முதல் ட்ரினிட்டி ஹவுஸ் என்ற கடலோடிகள் அமைப்பின் கையில் இருந்தது. காசு கொடுத்து வாங்கி, நியூகாசிலின் டைன் நதிக்குப் போனதும் கூலி கொடுத்து மண்வெட்டியால் வாரி இறக்க வேண்டும். ஆற்றில் கொட்டினால் தடம் தூர்ந்துவிடும். அதனால் கரையில் கொட்டிக் கொட்டி அங்கே குன்றுகளே எழுந்தன.

இவ்வளவு செலவு செய்தும் அதை நம்ப முடியாது. கப்பல் உருளும்போது மணல் ஒரு பக்கம் சரிந்தால் சாய்வு நிமிராது. நடுவில் பலகைத் தடுப்பு அடித்தாக வேண்டும். ஈர மணல் அடித்தளத்தில் இறங்கிப் கசிவு நீரை இறைக்கும் பம்பின் வாயை அடைத்துக்கொள்ளும், அதுவும் கசிவு வரும் நேரம் பார்த்து.

கொதிகலன்:
இதை மாற்றியது நீராவி. உள்நாட்டுச் சுரங்கங்களின் நிலக்கரி ரயிலில் லண்டனுக்கு வர ஆரம்பித்ததும், கடல்வழி வியாபாரம் ஆட்டம் கண்டது. 1852-ல் டைன் கரையிலுள்ள ஜாரோவில் பால்மர் கட்டிய இரும்புக் கப்பல் ‘ஜான் போவ்ஸ்’ சுமார் 650 டன் ஏற்றியது. இரண்டு பாய்மரக் கப்பல்களுக்கு ஒரு மாதம் பிடிக்கும் வேலையை ஐந்தே நாளில் முடித்தது. புரொப்பெல்லர் மட்டும் காரணமில்லை. சரளைக்காகத் துறையில் நின்றால் எஞ்சினுக்குப் போட்ட முதல் வீண். தண்ணீர் என்றால் ஓடிக்கொண்டே நிரப்பலாம், ஓடிக்கொண்டே இறைக்கலாம். இன்றைய டபுள் பாட்டம் டேங்கின், அதாவது கப்பலின் இரட்டை அடித்தளத்துக்கு நடுவிலுள்ள டேங்கின், வேர் இந்த நிலக்கரி ஓட்டத்தில்தான் இருக்கிறது. அந்தக் கப்பல் பெயர்கள் மாறி 1933 வரை ஓடியது, ஸ்பெயின் கரையருகே மூழ்கும்வரை.

டிராஃப்ட் சர்வே:
இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். டபுள் பாட்டம், ஹாப்பர் (சரக்கறையின் கீழ் ஓரம்), டாப்சைடு (மேல் ஓரம்) டேங்குகள் எல்லாம் நிரம்பினாலும் மோசமான கடலில் கேப்சைஸ் மேலே மிதக்கும். முகப்பு அலையில் அறையும், புரொப்பெல்லர் நீருக்கு வெளியே வந்து எஞ்சின் சுமையில்லாமல் தாறுமாறாக வேகமெடுக்கும். அதனால் ஒன்பது அறைக் கப்பலில் ஒன்றை, வழக்கமாக 6-ம் அறையை, இதற்கென்றே பலப்படுத்தியிருப்பார்கள்.

முதலில் அறையை நன்றாகக் கழுவ வேண்டும். நிலக்கரித் தூள் எஜெக்டரையும் (மிச்ச நீரை உறிஞ்சும் கருவி) ஸ்டிரெய்னரையும் (வடிகட்டி) அடைக்கும். கந்தகம் உள்ள நிலக்கரியின் ஈரம் அமிலமாகி இரும்பை அரிக்கும். பிறகு பில்ஜ் (அறையின் அடியில் சேரும் கழிவுநீர்) உறிஞ்சு குழாய்க்கு பிளாங்க் எனும் அடைப்புத் தகடு போட்டு, பாலஸ்ட் குழாய்ப் பக்கத்து பிளாங்கைக் கழற்ற வேண்டும். காற்றுப்போக்கி திறந்திருக்க வேண்டும். மூடியபடி இறைத்தால் வெற்றிடம் ஹேட்ச் கவரை (அறையின் மேல்மூடி) உள்ளே இழுக்கும்.

அலைவாய்:
அறையைப் பாதி மட்டும் நிரப்பினால்?

டிராஃப்ட் சர்வே:
கூடவே கூடாது. பாதி நீர் கப்பலின் உருளலோடு சேர்ந்து ஊசலாடி, தடுப்புச் சுவரையும் ஹேட்ச் கவரையும் இடிக்கும். மேற்பரப்பு நீர் ஓடுவதால் நிலைப்புத்தன்மையும் குறையும். கடல் அமைதியாக இருக்கும்போதே விளிம்பு வரை நிரப்பி முடித்துவிட வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தபின் ஆரம்பித்தால், பாதி நிலையில்தான் முதல் அலை வந்து மாட்டும்.

கொதிகலன்:
ஏற்றும் துறையில் இன்னொரு தொல்லை: நிலக்கரியைக் கொட்டும் லோடர், பாலஸ்ட் நீரை இறைக்கும் பம்பைவிட வேகம். இறைப்பது பின்தங்கினால் லோடரை நிறுத்தச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஏற்றும் வரிசையை அப்படியே ஓட்டினால் கப்பல் உடலை வளைக்கும் விசை வரம்பு தாண்டும். கடைசி மிச்சத்தை எஜெக்டர் இழுக்க, கப்பல் பின்பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும். உறிஞ்சு வாய்கள் டேங்கின் பின்முனையில் இருக்கின்றன.