ஆளில்லாத் தீவில் அப்பா இருந்த 11 நாள்

வள்ளவிளைக்காரன்

மீன்பிடி போட்டு உடைந்து ஆளில்லாத தீவில் ஒதுங்கினவர்கள் யாராவது உண்டா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நான் ஒதுங்கினதில்லை. என் அப்பா ஒதுங்கியிருக்கிறார். அவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. மூன்று ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதியிருக்கிறேன். நடுநடுவே அவர் தூங்கிப்போனதால் சில இடம் கோர்வையாக இருக்காது.

1990-களின் நடுவில் ஒரு மே மாதக் கடைசி. அப்பா உட்பட ஐந்து பேர் சுறாத் தூண்டிலுக்குப் போயிருந்தார்கள். குமரி மாவட்டத்தில் எங்கள் தூத்தூர் பக்கத்துக்காரர்களுக்கு லட்சத்தீவு மேல்கடல் கொல்லைப்புறம் மாதிரி. போனால் திரும்ப இருபது நாளோ ஒரு மாதமோ ஆகும். செல்போனெல்லாம் கனவிலும் இல்லாத காலம்.

எஞ்சின் நின்றுபோனது சாயங்காலம். மேற்கே இருந்து காற்று. ராத்திரி முழுக்கக் காற்றும் நீவாடும் (கடலின் ஓட்டமும்) போட்டைக் கிழக்கே தள்ளிக்கொண்டே வந்திருக்கின்றன. விடிவதற்கு முன்னால் அலை முறிகிற சத்தம் கேட்டதும் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது, முன்னால் பார், அதாவது பவளப்பாறைத் திட்டு, இருக்கிறது. நங்கூரம் போட்டார்கள். பவளத் தீவுகளைத் தெரிந்தவர்களுக்கு இது தெரியும்: பாரை ஒட்டிக் கொஞ்சம் தள்ளினாலே கடல் நூற்றுக்கணக்கான பாகம் (இரண்டு கை விரித்த நீளம்) ஆழம். கயிறு முழுக்க இறங்கியும் நங்கூரம் தரை தொடவில்லை. தொடும் இடம் வந்தபோது போட்டு பாறைமேல் இருந்தது.

ஒரே அடியில் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதியில் நாலுபேர் தொற்றிக்கொண்டார்கள், அது பாருக்கு வெளியிலேயே மிதந்து போனது. அப்பாவை மட்டும் ஒரு அலை தூக்கி பாருக்கு உள்ளே எறிந்துவிட்டது. உள்ளே குளம் மாதிரி ஆழமில்லாத கடல். டீசல் கேன் ஒன்று கையில் கிடைத்தது. அதைக் கட்டிப்பிடித்து, பவளம் கிழித்த காலோடு, மத்தியானத்துக்கு மேல் ஒரு தீவில் ஏறினார்.

எந்தத் தீவு என்று அவருக்கு அப்போது தெரியாது. அது சுஹேலி என்கிற பாரைச் சேர்ந்தது என்று பிறகுதான் தெரிந்தது. லட்சத்தீவில் மொத்தம் 36 தீவு, ஆள் குடியிருப்பது 10-இல் மட்டும். சுஹேலியில் தேங்காய்க்கும் சூரை மீனுக்கும் சீசனில் ஆள் வந்து தங்குவார்கள். மழைக்காலம் நெருங்கினால் போய்விடுவார்கள். அப்பா ஏறினபோது ஓலைக் கொட்டகை இருந்தது, அடுப்புக்கல் இருந்தது, சாம்பல்கூட இருந்தது. ஆள் இல்லை.

"யாருமே வராத தீவுன்னா மனசு ஒருமாதிரி அடங்கியிருக்கும் மக்கா. சாம்பலைப் பார்த்த பொறவு அடங்கல்ல. நேத்து வந்திருந்தா பார்த்திருக்கலாமோன்னு ஒரே நெனப்பு" என்கிறார்.

முதல் இரண்டு நாள் தண்ணீர் கிடைக்கவில்லை. தென்னை நிறைய உண்டு, காய் மேலே இருக்கிறது. கீழே விழுந்து கிடந்ததில் முக்கால்வாசி எலி ஓட்டை போட்டது. அந்தத் தீவுகளில் எலி மரத்திலேயே குடியிருந்து இளங்காயைத் துளைத்துவிடுமாம். எலி தொடாத நெற்றை அப்பா குலுக்கிக் குலுக்கிப் பொறுக்கினார். இடுப்பில் இரை வெட்டும் கத்தி இருந்தது, ஆனால் அது மட்டை உரிக்கிற கத்தி இல்லை. கூரான பவளக்கல்லை மண்ணில் நட்டு, அதில் குத்திக் குத்தி ஒரு தேங்காய் உரிக்க வெயில் தாழ்ந்துவிட்டது.

மூன்றாம் நாள் தீவுக்கு நடுவே ஓலை மூடிய ஒரு குழிக்கிணறு கண்ணில் பட்டது. உள்ளே ஒரு எலி செத்து மிதந்தது. எலியை எடுத்து வெளியே போட்டுவிட்டுக் குடித்தார். லேசாகக் கரித்ததாம். அடுத்த இரண்டு நாள் வயிறு என்ன பாடு படுத்தியது என்பதை அவர் அபிநயத்தோடு சொல்வார், இங்கே வேண்டாம்.

தீக்குச்சி நனைந்துவிட்டது. கட்டையைக் கடைந்து தீ உண்டாக்கப் பார்த்து உள்ளங்கை கொப்புளித்ததுதான் மிச்சம். வேலி (கடலின் ஏற்ற இறக்கம்) வற்றும்போது பார்மேல் நடந்து போய், பொந்துக்குள் இருந்த பேய்க்கணவாயைக் கத்தியால் குத்தி எடுத்தார். பச்சையாகவே தின்றார். இன்றுவரைக்கும் வீட்டில் பேய்க்கணவாய் வாங்க விடமாட்டார்.

நாள் கணக்குக்கு அவர் மரத்தில் கோடெல்லாம் கிழிக்கவில்லை. கடற்காரனுக்கு நிலாவைப் பார்த்தால் போதும், வேலி ஏறுகிறதும் இறங்குகிறதும் தேதி சொல்லிவிடும்.

ராத்திரிதான் பொல்லாதது. சங்கை முதுகில் சுமந்து நடக்கிற நண்டு கூட்டம் கூட்டமாக வந்து காலில் இருந்த புண்ணைத் தேடுமாம். கொட்டகைப் பரணில் ஏறிப் படுத்தார். அங்கே எலி.

நான் கேட்டேன், கடலில் கிடந்தபோது பயமா, தீவிலா என்று. யோசிக்கவே இல்லை.

"கடல்ல பயம் வரல்ல கேட்டியா. கைக்கு சோலி இருந்துது. கேனை விடப்படாது, காலை அடிக்கணும், அலையைப் பார்க்கணும். கரையில ஏறுன பொறவுதான் கை சும்மா இருந்துது. சும்மா இருக்கிற கைதான் ஆளைக் கொல்லும்."

அதனால் வேலை உண்டாக்கிக்கொண்டார். கொட்டகையின் ஓலையைப் பிரித்துத் திரும்ப வேய்ந்தார். நன்றாக இருந்த ஓலையை! கரையில் ஒதுங்கிக் கிடந்த கயிறுத் துண்டுகளை முடிந்து முடிந்து ஒரு வலை பின்னத் தொடங்கினார். எந்த மீனுக்கு அப்பா இந்த வலை என்றால் சிரிக்கிறார்.

11-ஆம் நாள், மழைக்கு முன்னால் கிடக்கிற தேங்காயை அள்ளிப்போக நாலு தீவுக்காரர்கள் மோட்டார் வள்ளத்தில் வந்தார்கள். அவர்கள் பேசும் மலையாளம் அப்பாவுக்குப் பாதி விளங்கும். முதலில் அவர்கள்தான் பயந்துபோனார்கள். பிறகு கஞ்சி வைத்து, மாசு என்று சொல்கிற சூரைக் கருவாட்டைக் கிள்ளிப் போட்டுக் கொடுத்தார்கள். அவர்களில் பெரியவர் ஒருத்தர் கொட்டகையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "கூரை யார் மேய்ந்தது?" என்று கேட்டாராம். பதினோரு நாளில் அப்பா அப்போதுதான் அழுதார்.

மற்ற நாலுபேரை மறுநாளே சுறா பிடிக்க வந்த இன்னொரு போட்டு காப்பாற்றி ஏற்றிக்கொண்டது. அப்பா பாரில் அடிபட்டுப் போயிருப்பார் என்று அவர்கள் நம்பிவிட்டார்கள். அலை இருந்த இருப்பில் பாரை நெருங்கித் தேடவும் முடியவில்லை. அந்தப் போட்டு கொச்சி வந்து, ஊருக்குச் சேதி வந்தபோது ஒன்பது நாள் ஆகியிருந்தது. அதுவரைக்கும் எங்கள் வீட்டில் யாரும் அழவில்லை. தெரியாதே! நான் பள்ளிக்கூடம் திறக்கப்போகிற கவலையில் இருந்தேன்.

கருங்கல் பனையேறி பேரன்

அண்ணே, ஒரு சந்தேகம். உங்க அப்பா மரத்தில ஏறவே இல்லையா? எங்க பாட்டா பனையேறி. தென்னையெல்லாம் அவருக்கு ஏணி மாதிரி. நம்ம மாவட்டத்துக்காரர் தென்னைக்குக் கீழே தாகத்தோட கிடந்தார்னு வாசிச்சப்போ சிரிப்பும் வருது, சங்கடமாவும் இருக்கு.

வள்ளவிளைக்காரன்

ஏறினார் தம்பி. அதைச் சொல்லக்கூடாது என்று சொல்லியிருந்தார், இனி என்ன. கடற்கரையில் பிறந்தவனுக்கு பாய்மரம் வரும், தென்னை வராது. உங்கள் ஊர்ப்பக்கம் பனையேறிகள் காலில் தளை மாட்டுவதைப் பார்த்த ஓர்மையில், சட்டையைக் கிழித்து முறுக்கிக் கட்டி ஏறியிருக்கிறார். பாதி மரத்தில் சட்டை அறுந்தது. நெஞ்சுத் தோல் முழுக்க மரத்தில் ஒட்டிக்கொண்டது என்கிறார். தழும்பு இப்பவும் இருக்கிறது. கீழே வந்து விழுந்தபோது கையில் ஒரு கருக்கும் (இளநீரும்) இல்லை.

கருங்கல் பனையேறி பேரன்

சட்டை பத்தாதுண்ணே. பச்சை மட்டை நாரைக் கிழிச்சு வளையமாக் கட்டியிருக்கணும். அது அறாது. அப்பாகிட்ட சொல்லுங்க, லேட்டாத்தான் சொல்றேன்.

முட்டம் டீச்சர்

உங்கள் அப்பா கூரை மேய்ந்ததை வாசித்ததும் எனக்கு ட்ரொமெலின் தீவு நினைவுக்கு வந்தது. மடகாஸ்கருக்குக் கிழக்கே, நம்முடைய இதே இந்தியப் பெருங்கடலில், சுற்றளவே நாலைந்து கிலோமீட்டர்கூட வராத மணல் திட்டு. 1761-இல் ஒரு பிரெஞ்சுக் கப்பல் அங்கே மோதி உடைந்தது. மடகாஸ்கரில் இருந்து அடிமைகளைக் களவாக ஏற்றிவந்த கப்பல். மூழ்கியபோது கீழ்த்தட்டில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வெளியே வர முடியாமலே செத்தார்கள். பிழைத்த கப்பல்காரர்கள் இரண்டு மாதத்தில் உடைந்த பலகைகளை வைத்து ஒரு படகு கட்டி, தாங்கள் மட்டும் ஏறிக்கொண்டார்கள். அறுபது பேர் அளவில் மடகாஸ்கர்காரர்களைத் தீவிலேயே விட்டு, திரும்பி வருவோம் என்று சொல்லிப் போனார்கள்.

திரும்பி வந்தது 1776-இல். பதினைந்து ஆண்டு கழித்து. அப்போது உயிரோடு இருந்தவர்கள் ஏழு பெண்களும் எட்டு மாதக் கைக்குழந்தை ஒன்றும். ஆமையும் கடற்பறவையும் தின்று, பறவை இறகைப் பின்னி உடுத்து, பவளக்கல்லை அடுக்கி வீடு கட்டியிருந்தார்கள். தேய்ந்து ஓட்டையான செம்புப் பாத்திரங்களைத் திரும்பத் திரும்ப ஒட்டுப்போட்டு உபயோகித்திருக்கிறார்கள். பிற்காலத்தில் தொல்லியல்காரர்கள் தோண்டி எடுத்துப் பார்த்தபோது அந்த ஒட்டுகள் அப்படியே இருந்தன.

இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் முதலில் கேட்பது, "டீச்சர், அந்தக் குழந்தைக்கு என்ன பெயர் வச்சாங்க?" என்பதுதான்.

நாகர்கோவில் நர்ஸ்

அந்தத் தீவுக்காரங்க கஞ்சியா கொடுத்தது ரொம்ப நல்ல காரியம். பல நாள் பட்டினி கிடந்தவருக்கு எடுத்த எடுப்பில வயிறு நிறைய சோறும் கறியும் போட்டா உடம்பில உப்புச்சத்தெல்லாம் தாறுமாறா ஆகி உயிருக்கே ஆபத்து ஆகலாம். கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொடுக்கணும்.

கடல் தண்ணியைப் பத்தியும் சொல்லிடுறேன், ஏன்னா "ஒரு மடக்கு குடிச்சா என்ன"ன்னு கேக்கிறவங்க உண்டு. ஒரு லிட்டர் கடல் தண்ணியில ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அவ்வளவு உப்பை வெளியேத்த நம்ம சிறுநீரகத்துக்குக் குடிச்சதைவிட அதிகத் தண்ணி வேணும். குடிக்கக் குடிக்க உள்ள இருக்கிற தண்ணியும் போகும். அப்புறம் புத்தி தடுமாறும், இல்லாத கரை தெரியும்.

குளச்சல் ஐஸ் கம்பெனி

எல்லாம் சரி, கடலுக்கு நடுவில இத்துனூண்டு மணல் திட்டுல நல்ல தண்ணி எப்படிய்யா வரும்? கதையில அந்த இடம்தான் எனக்கு இடிக்குது.

வள்ளவிளைக்காரன்

அண்ணாச்சி, நானும் அப்பாவிடம் இதே கேள்வி கேட்டு ஏச்சு வாங்கினவன். மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கும். அதனால் கரையோரம் தோண்டினால் உப்பு, தீவுக்கு நடுவில் தோண்டினால் குடிக்கலாம். ஆழமாகத் தோண்டினாலும் போச்சு, உப்பு மேலே வந்துவிடும். லட்சத்தீவில் ஊர் முழுக்கக் காலங்காலமாகக் குடித்தது இந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். அப்பா முதல் இரண்டு நாளும் கரையை விட்டு நகராமல் கப்பல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். தண்ணீர் அவருக்குப் பின்னால் கிடந்தது.

சின்னத்துறை

நான் அதிகம் எழுதுற ஆள் இல்லை. ஓகி புயலில் மாட்டினவன். 2017 நவம்பர் 30 அன்னைக்குக் கடலில் இருந்தோம், போட்டு கவிழ்ந்தது. ரெண்டு ராத்திரி கேனைக் கட்டிப்பிடிச்சுக் கிடந்தேன். என்கூட இருந்தவங்களைப் பத்தி எழுதல்ல, விட்டிருங்க.

என்னை எடுத்த போட்டு லட்சத்தீவில கல்பேனிக்குக் கொண்டுபோச்சு. அங்கேயும் புயல் அடிச்சு அவங்க வீடும் தென்னையும் போய்க் கிடந்துது. அந்த நிலையிலயும் உடுக்கத் துணி குடுத்தாங்க, சோறு குடுத்தாங்க. வள்ளவிளை அண்ணன் சொன்ன "சும்மா இருக்கிற கை" எனக்குத் தெரியும். எனக்கு அது தீவில வரல்ல, வீட்டுக்கு வந்த பொறவு வந்துது. ஆறு மாசம் கடலுக்குப் போகல்ல. திண்ணையில இருந்தேன். ஒருநாள் எனக்க மச்சான் கிழிஞ்ச வலையைக் கொண்டுவந்து மடியில போட்டுட்டு ஒண்ணும் பேசாம போனான்.

இப்போ போறேன். போட்டில இஸ்ரோக்காரர் செஞ்ச டாட் கருவி இருக்கு, ஆபத்துன்னா பட்டனை அமுக்கினா செயற்கைக்கோள் வழியா நம்ம இடம் கரைக்குத் தெரியும். கரையில இருக்கிறவங்களுக்குக் கடலோரக் காவல்படை நம்பர் 1554. வீட்டுச் சுவரில எழுதிப் போட்டிருக்கேன். எழுதிப் போடுங்க.

நாகர்கோவில் நர்ஸ்

சின்னத்துறை அண்ணா, எழுதினதுக்கு நன்றி.

வள்ளவிளைக்காரன்

சின்னத்துறை தம்பி எழுதினதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அந்த மச்சான் நல்லவன்" என்றார்.

அதற்குள் அடுக்களையில் இருந்து அம்மா வந்துவிட்டாள். தீவுக் கதை எடுத்தாலே எங்கள் வீட்டில் இந்தச் சண்டை உண்டு. அப்பா லட்சத்தீவில் கவரத்தியில் கப்பல் ஏறி, கொச்சியில் இறங்கி, களியக்காவிளை பஸ் பிடித்து வீட்டு வாசலுக்கு வந்தபோது, அம்மாவுக்குச் சேதி வந்து ஆறு நாள் ஆகியிருந்தது.

"உமக்குப் பதினோரு நாள்னு ஊரெல்லாம் சொல்லுதீரு. எனக்க ஆறு நாளை யாரு கேட்டா? நீரு எங்க இருக்கீருன்னு உமக்காவது தெரியும்" என்றாள்.

"எனக்கும் தெரியாது" என்றார் அப்பா.

அம்மா சிரித்துவிட்டாள். கருங்கல் தம்பி சொன்ன மட்டை நார் விஷயத்தையும் சொன்னேன். இப்போது முற்றத்தில் உட்கார்ந்து ஒரு பச்சை மட்டையைக் கிழித்துக்கொண்டிருக்கிறார். எழுபது வயதுக்கு மேல் எந்த மரத்தில் ஏறப்போகிறார் என்று அம்மா உள்ளே இருந்து கேட்கிறாள்.