பீன்யா – ஓசூர் லோடுக்கு வாடகை எப்படிப் போடுவது?

அண்ணன்மார்களே, பெங்களூருவில் 14 அடி ஈச்சர் லாரி ஓட்டும் யாராவது கொஞ்சம் வழி சொல்லுங்கள். பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி ஓசூருக்குத் தினமும் லோடு தருகிறேன் என்கிறது, ஆனால் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்றுதான் ரேட் கேட்கிறார்கள். டீசல் கணக்கு சுலபம்: லிட்டருக்கு 8 கிலோமீட்டர் என்று வைத்தால் போகவர 110 கிலோமீட்டருக்கு கிட்டத்தட்ட 14 லிட்டர், அப்புறம் அத்திப்பள்ளி டோல். வண்டியின் மொத்த எடை (லோடோடு சேர்த்து) 3 டன்னுக்கு மேல், மாநிலமும் தாண்டுகிறது என்பதால் நேஷனல் பர்மிட்டும் வேண்டும்.

சிக்கல் தூரத்தில் இல்லை, நேரத்தில். சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் ஊர்ந்து, லாரிக்குத் தடை இருக்கும் நேரம் முடியக் காத்திருந்து, ஓசூரில் கம்பெனி கேட்டில் நின்று இறக்கி வருவதற்குள் ஒரு நாளே போய்விடும், ஆனால் இஎம்ஐ, இன்சூரன்ஸ், எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), டிரைவர் சம்பளம் எல்லாம் வண்டி நின்றாலும் ஓடும். அதனால் இந்த மாதச் செலவை ஓடும் நாட்களால் வகுத்து நாள் வாடகையாக வைத்து, டீசல், டயர், ஆயிலை மட்டும் கிலோமீட்டரில் சேர்க்கலாம் என நினைக்கிறேன். சரிதானா?

காலியாகத் திரும்புவதை முழுசாக அவர்கள் தலையிலேயே போடுவீர்களா? ஹால்டிங் (வண்டி காத்து நிற்பதற்கான காசு) எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு கேட்கிறீர்கள்? டீசல் ஏறினால் ரேட் ஏறும் என்று எழுதி வாங்க முடிகிறதா? டயருக்கு எவ்வளவு ஒதுக்குகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். புரோக்கர் ரேட் வேண்டாம், அது எனக்கே தெரியும்.