மறுமொழி: ‘ஃபர்ம்வேர்’ – நிலைபொருளா, இடைப்பொருளா, வேறு சொல்லா?

நண்பர்களுக்கு வணக்கம்.

‘ஃபர்ம்வேர்’ (சாதனத்துக்குள் ஓடும் நிரல்) என்பதற்குத் தமிழில் எந்தச் சொல்லை வைப்பது என்ற இந்த இழையில் இதுவரை வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘நிலைபொருள்’ பல காலமாகப் புழங்குகிற சொல். டிரைவர், ஃபர்ம்வேர் எல்லாம் பயனரைப் பொறுத்தவரை ஒன்றுதான். இதைப் போய் ஏன் கிளற வேண்டும்?

ஐயா, பயனரைப் பொறுத்தவரை ஒன்றுதான் என்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல். இரண்டும் ஒன்று என்று நம்பியதில் எனக்கு இரண்டு இரவு போயிற்று.

போன மாதம் ஒரு மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவினேன். அந்த மாடலுக்குத் தயாரிப்பாளர் வேறொரு இயங்குதளத்துக்கு மட்டுமே இயக்கிகள் (டிரைவர்கள்) தருகிறார். திரை, ஒலி, டச்பேட் எல்லாம் முதல் தடவையே வேலை செய்தன. வைஃபை மட்டும் வரவில்லை. பட்டியலில் ஒரு வலையமைப்பும் இல்லை. தமிழில் ஒரு வழிகாட்டி கிடைத்தது. “வைஃபை தெரியவில்லை என்றால் இயக்கி இல்லை என்று பொருள், இயக்கியை நிறுவுங்கள்” என்று அதில் இருந்தது. நம்பிவிட்டேன். இயக்கியின் மூலநிரலை இறக்கி, கெர்னலுக்கு (இயங்குதளத்தின் கருவுக்கு) உரிய ஹெடர் கோப்புகளைத் தேடிப் போட்டு, கம்பைல் செய்து ஓடக்கூடிய கோப்பாக்கினேன். ஏற்றப் போனால் ‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்’ என்று மறுத்தது. கையொப்பமிடாத மாட்யூலை (கெர்னலில் ஏற்றும் இயக்கித் துண்டை), நம்பகமான நிரலை மட்டும் அனுமதிக்கும் ‘செக்யூர் பூட்’ காவல் உள்ளே விடவில்லை என்பது அதன் பொருள். செக்யூர் பூட்டை அணைத்துவிட்டு ஏற்றினேன். மாட்யூல் ஏறியது, வைஃபை வரவில்லை. முதல் இரவு அத்தோடு முடிந்தது.

மறுநாள் இரவு கெர்னல் பதிவை ஒவ்வொரு வரியாகப் படித்தேன். நடுவில் இப்படி ஒன்று கிடந்தது: ‘டைரக்ட் ஃபர்ம்வேர் லோட் … ஃபெயில்ட் வித் எரர் -2’. அந்த -2க்கு ஒரே பொருள்தான்: அப்படி ஒரு கோப்பு இல்லை. எஞ்சின் கெட்டுவிட்டது என்று பிரித்துப் போட்டவனுக்கு, தொட்டியில் எரிபொருளே இல்லை என்று தெரிந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. இயக்கி முதல் நாளிலிருந்தே கெர்னலோடு இருந்திருக்கிறது. அட்டையை அடையாளம் கண்டிருக்கிறது, எழுப்பியிருக்கிறது, அட்டைக்கு ஊட்ட வேண்டிய கோப்பைக் கேட்டிருக்கிறது, கோப்பு கிடைக்காததால் கைவிட்டிருக்கிறது. நான் கம்பைல் செய்ததும் அதே இயக்கியைத்தான். அதுவும் அதே கோப்பைத்தான் தேடியது.

கைபேசியை யூஎஸ்பி கம்பியில் மாட்டி, அதன் இணையத்தைக் கணினிக்குத் தந்து, அந்த ஒரு கோப்பை இறக்கி /லிப்/ஃபர்ம்வேர் அடைவில் வைத்தேன். மாட்யூலைக் கழற்றி மறுபடி மாட்டியதும் பட்டியல் நிறைந்துவிட்டது. ‘கோப்பு இல்லை’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘இயக்கி இல்லை’ என்று சொன்னதன் விலை இரண்டு இரவு. பழகியவனுக்கே இப்படி என்றால், முதல்முறை லினக்ஸ் பக்கம் வருகிறவர் என்ன செய்வார்? பழைய இயங்குதளத்துக்கே திரும்பிப் போய்விடுவார்.

இரண்டும் எங்கே பிரிகின்றன என்று சொல்லிவிட்டுச் சொல்லுக்கு வருகிறேன்.

இயக்கி, கணினியின் முதன்மைச் செயலியில் கெர்னலோடு சேர்ந்து ஓடுவது. கெர்னல் எப்படிப் பேசுகிறதோ அப்படித்தான் இதுவும் பேசியாக வேண்டும். அதனால் ஓர் இயங்குதளத்துக்கு எழுதிய இயக்கி இன்னொன்றில் ஓடாது. ஃபர்ம்வேரோ சாதனத்துக்குச் சொந்தமானது. வைஃபை அட்டைக்குள் தனியாக ஒரு சிறு செயலி இருக்கிறது, அதில் ஓடுவது இது. மேலே எந்த இயங்குதளம் இருக்கிறது என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

இதற்கு நல்ல சான்று பிராட்காம் நிறுவனத்தின் வைஃபை அட்டைகளுக்கான பி43 இயக்கி. அட்டையின் நடத்தையை வெளியிலிருந்து ஆராய்ந்து, இயக்கியைத் தன்னார்வலர்கள் புதிதாகவே எழுதினார்கள். ஆனால் அட்டைக்குள் ஓட வேண்டிய நிரலை அவர்கள் எழுதவில்லை. நிறுவனம் வேறு இயங்குதளத்துக்குக் கொடுத்த இயக்கிக் கோப்புக்குள் அது பொதிந்திருந்தது. அதை வெட்டி எடுப்பதற்கென்றே ‘எஃப்டபிள்யூகட்டர்’ என்று ஒரு கருவி வந்தது. வெட்டியெடுத்ததை ஓர் எழுத்தும் மாற்றாமல் லினக்ஸிலிருந்து அட்டைக்கு ஊட்டினால் அட்டை வேலை செய்யும். இதற்கு நேர் எதிர் என்டிஐஎஸ்ராப்பர். அது விண்டோஸ் இயக்கியையே லினக்ஸுக்குள் ஓட்டப் பார்த்தது. அதற்காக விண்டோஸ் கெர்னலின் செயற்கூறுகளை லினக்ஸுக்குள் போலியாக உண்டாக்கி வைக்க வேண்டியிருந்தது. ஒன்றை அப்படியே தூக்கிக்கொண்டு போக முடிகிறது. மற்றொன்றைக் கொண்டுபோக வீட்டையே பெயர்க்க வேண்டியிருக்கிறது. இவை இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்கலாமா?

லினக்ஸ் வகைகளில் ஒன்றை வெளியிடும் டெபியன் திட்டம் 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து, கட்டற்ற உரிமம் இல்லாத ஃபர்ம்வேர் கோப்புகளை அதிகாரபூர்வ நிறுவல் வட்டிலேயே சேர்த்தது. அவற்றுக்கென்று தனிப் பிரிவே ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தப் பிரிவின் பெயரைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கு இந்தக் கேள்வி எழுந்தது. ‘நிலைபொருள்’ என்று எழுதினேன், மனம் ஒப்பவில்லை.

ஏன் ஒப்பவில்லை? நிலைபொருள் என்றால் நிலைத்து நிற்பது. ரோமில் (படிக்க மட்டுமேயான நினைவகத்தில்) ஒருமுறை எழுதினால் அழியாத காலத்துக்கு அது பொருந்தும். என் மடிக்கணினியின் வைஃபை அட்டையில் அது நிலைப்பதில்லை. மின்சாரம் போனால் அதுவும் போகிறது. ஒவ்வொரு தொடக்கத்திலும் இயக்கி புதிதாக ஊட்டுகிறது. ‘நிலைபொருள் கோப்பு இல்லை’ என்று செய்தி வந்தால் படிக்கிறவர் என்ன நினைப்பார்? நிலையாக இருக்க வேண்டியது எப்படிக் காணாமல் போகும் என்றுதான். போதாததற்கு, நிரலாக்கத்தில் ‘பொருள்’ என்பதை ஆப்ஜெக்ட்டுக்கு வைத்திருக்கிறோம். ‘நிலைப்பொருள்’ என்று ஓர் ஒற்று கூடினால் ஸ்டாட்டிக் ஆப்ஜெக்ட் ஆகிவிடுகிறது.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பையும் பார்க்க வேண்டும். 1967இல் ஆஷர் ஆப்லர் என்பவர் டேட்டாமேஷன் இதழில் எழுதிய கட்டுரையில் வந்த சொல் அது. செயலியின் கட்டுப்பாட்டு நினைவகத்தில் இருக்கும் நுண்நிரலைத்தான் அவர் அப்படிக் குறித்தார், அதுவும் மாற்றி எழுதக்கூடிய நினைவகத்தில். வன்மைக்கும் மென்மைக்கும் நடுவில் ஓர் இறுக்கம் என்பதே அவர் எண்ணம். நிலைத்திருப்பது என்ற பொருள் முதலில் அதில் இல்லை.

அப்படியானால் இடைப்பொருள்தானே சரி என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். வல்லினம், மெல்லினம், இடையினம் என்று நம் இலக்கணமே மூன்றாகப் பிரித்து வைத்திருக்க, வன்பொருள், மென்பொருள், இடைப்பொருள் என்று போனால் எவ்வளவு அழகு! அந்த மடலைப் படித்த அன்று முழுக்க எனக்கும் இந்தச் சொல்தான் நாவில் இருந்தது. ஆனால் மிடில்வேருக்கு இடைப்பொருள் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அங்கே அது கச்சிதமாகவும் பொருந்துகிறது. இரண்டு மென்பொருள்களுக்கு இடையில் நிற்பது அது. இன்னொன்று, இடை என்ற சொல் வரிசையில் எங்கே நிற்கிறது என்று மட்டும் சொல்கிறது. வைஃபை வராமல் தவிக்கிறவருக்கு அதில் ஒரு துப்பும் இல்லை. மனமில்லாமல்தான் இதை விடுகிறேன்.

‘திடப்பொருள்’ வேண்டாம், அது பள்ளி இயற்பியலுக்குச் சொந்தம். ‘உறைபொருள்’ காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் உறைந்துபோனது என்றே முதலில் கேட்கிறது.

என் முன்மொழிவு: அகநிரல்.

சாதனத்தின் அகத்தே இயங்கும் நிரல். ரோமில் இருந்தாலும், ஃபிளாஷில் இருந்தாலும், தொடங்கும்போது ஊட்டப்பட்டாலும் அது வேலை செய்வது உள்ளேதான். எங்கே சேமிக்கிறோம் என்பது காலத்துக்குக் காலம் மாறிவிட்டது. யாருக்குச் சொந்தம் என்பது மாறவில்லை. மாறாததிலிருந்து பெயர் எடுத்தால் சொல் நீடிக்கும். அகச்சிவப்பு என்பதைப் பள்ளிப் பிள்ளைகள் தடையில்லாமல் சொல்கிறார்கள், அதனால் அகம் என்பது இலக்கியத்துக்கு மட்டுமே உரியது, அறிவியலில் ஒட்டாது என்ற அச்சம் எனக்கு இல்லை. நிரல் என்பதற்கு அட்டவணையின் நெட்டுவரிசை என்ற பொருளும் உண்டுதான். ஆனால் நிரலாளர், நிரலாக்கம், மூலநிரல் என்று கணினிப் பக்கம் அது வேரூன்றிவிட்டது.

தொடர் சொற்களும் இடறாமல் வருகின்றன: அகநிரல் கோப்பு, அகநிரல் புதுப்பிப்பு, அகநிரலேற்றி. நிறுவியில் வரும் செய்தியை எழுதிப் பார்த்தேன்:

“இந்தக் கணினியில் உள்ள சில சாதனங்கள் வேலை செய்ய, கட்டற்ற உரிமம் இல்லாத அகநிரல் கோப்புகள் தேவை. அவற்றை யூஎஸ்பி நினைவகத்திலிருந்து ஏற்றலாம்.”

இதே வரியில் நிலைபொருள் என்று போட்டு ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

> யூஇஎஃப்ஐயும் (கணினியைத் தொடக்கி வைக்கும் நிரல்) ஃபர்ம்வேர்தான். ஆனால் அது ஓடுவது முதன்மைச் செயலியில்தானே? உங்கள் ‘அகம்’ அங்கே உடைகிறதே?

சரியான இடத்தில் பிடித்திருக்கிறீர்கள் தோழர். நேற்று முழுவதும் இதைத்தான் யோசித்தேன். எந்தச் செயலியில் ஓடுகிறது என்பதை மட்டும் அளவுகோலாக வைத்தால் உடைகிறது, ஒப்புக்கொள்கிறேன். அளவுகோலைச் சற்று நகர்த்தலாம்: இயங்குதளத்தை அடியோடு மாற்றினால் எதை மாற்ற வேண்டியிருக்கும், எது அப்படியே இருக்கும்? மாற்ற வேண்டியது இயக்கி. அப்படியே இருப்பது அகநிரல். யூஇஎஃப்ஐ தாய்ப்பலகையோடு வருகிறது, எந்த இயங்குதளம் போட்டாலும் அங்கேயே இருக்கிறது. அட்டைக்கு ஊட்டும் கோப்பும் அப்படித்தான்: லினக்ஸ் ஊட்டினாலும் ஓபன்பிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளம் ஊட்டினாலும் அட்டைக்குள் போவது அதே வகைச் சரக்கு. ஓபன்பிஎஸ்டியில் இதற்கென்றே ‘எஃப்டபிள்யூ அப்டேட்’ என்று தனிக் கட்டளை இருக்கிறது. உரிமச் சிக்கலால் வட்டில் சேர்க்க முடியாத கோப்புகளை அது பின்னர் இறக்கித் தருகிறது. இயக்கிகளோ கெர்னலோடு முன்பே வந்துவிடுகின்றன. ஆகவே அகம் என்பதைச் சாதனத்தின் அகம் என்று கொண்டால் யூஇஎஃப்ஐயும் உள்ளே வந்துவிடும். வேறு ஓட்டை தெரிந்தால் சொல்லுங்கள், உண்மையாகவே கேட்கிறேன்.

டிரைவருக்கு ‘இயக்கி’ இருக்கட்டும். ‘ஓட்டி’, ‘செலுத்தி’ என்று வந்த பரிந்துரைகளைப் பார்த்தேன். புழங்கிப் பழகி, தவறாகவும் வழிகாட்டாத சொல்லை மாற்ற எனக்கு விருப்பமில்லை.

வழிகாட்டி எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘வைஃபை வரவில்லை’ என்ற தலைப்பின் கீழ் முதலில், கணினியில் உள்ள சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை ‘-nnk’ என்ற தெரிவோடு (lspci -nnk) போடச் சொல்லுங்கள். வைஃபை அட்டைக்கு அது இணையாகக் காட்டும் இரண்டு நான்கிலக்க எண்களில் முதலாவது தயாரிப்பாளருக்கு உரியது, அடுத்தது சாதனத்துக்கு உரியது. 8086 என்று தொடங்கினால் இன்டெல், 1002 என்றால் ஏஎம்டி. அந்த இணை எண்ணை வைத்துத்தான் கெர்னல் இயக்கியைத் தேர்ந்தெடுக்கிறது. கெர்னல் மாட்யூல் என்ற வரியில் ஏதாவது பெயர் இருந்தால் இயக்கி இருக்கிறது, கம்பைல் செய்ய உட்கார வேண்டாம். அடுத்து கெர்னல் பதிவில் -2 இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் ‘அகநிரல் கோப்பு இல்லை’ என்று எழுதுங்கள். மாட்யூல் வரியே இல்லாவிட்டால்தான் ‘இயக்கி இல்லை’.

வரும் ஞாயிறு வரை எதிர்ப்புகளுக்குக் காத்திருக்கிறேன். பெரிய மறுப்பு இல்லையென்றால் நிறுவியின் மொழிபெயர்ப்புக் கோப்பில் அகநிரல் என்று மாற்றி, சரிபார்க்க இங்கேயே அனுப்புகிறேன்.

அன்புடன்.

பி.கு.: இன்னொரு சொல்லும் உறுத்துகிறது. தயாரிப்பாளர் இயக்கி தராத இயங்குதளத்தை ‘ஆதரவற்ற இயங்குதளம்’ என்று சில இடங்களில் எழுதியிருக்கிறோம். படிக்கும்போதெல்லாம் யாருமில்லாமல் தெருவில் நிற்கிற பிள்ளை போல இருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து வளர்க்கிற இயங்குதளத்தை அப்படிச் சொல்வது சரியுமில்லை. பொறுப்பை மறுக்கிறவர் தயாரிப்பாளர்தான். ‘தயாரிப்பாளர் பொறுப்பேற்காத இயங்குதளம்’ என்று எழுதலாமா? நீளம்தான், ஆனால் யார் செய்யவில்லை என்பது தெளிவாகத் தெரிகிறது. இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் தனி இழை தொடங்குங்கள்.