பூட்டுகருவி: ‘க்’ இல்லாமல் எழுதுவோம்

நண்பர்களுக்கு வணக்கம்.

உழவு இயந்திரத்தின் பின்னால் மாட்டுகிற கலப்பை, பார் போடும் கருவி, பெட்டி (சாமான் ஏற்றி இழுக்கும் டிரெய்லர்) எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக ‘இணைப்புக் கருவி’ போதும் என்று இங்கே ஓர் ஐயா எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. மின் இணைப்பு, நீர் இணைப்பு, தொலைபேசி இணைப்பு, மின்னஞ்சலில் வரும் கோப்புக்கும் இணைப்பு. களைத்துப்போன அந்தச் சொல்லின் தலையில் கலப்பையையும் ஏற்ற வேண்டாம். ‘துணைக்கருவி’யும் சரிவராது. கலப்பை இல்லாமல் இயந்திரம் உழாதே, பிறகு எது எதற்குத் துணை?

நான் முன்வைக்கும் சொல் ‘பூட்டுகருவி’.

இலங்கையின் வெலிமடையில் எங்கள் உருளைக்கிழங்குக் காணியில் ஒரு சாம்பல் நிறப் பெர்குசன் டீஈ20 உழவு இயந்திரம் இன்றும் ஓடுகிறது. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட வகை. அப்பா அதைக் கலப்பைக்கு நேராகப் பின்னால் எடுப்பார். முதலில் இயந்திரத்தின் பின்புறம் நீண்டிருக்கும் இடது தூக்குகையை மாட்டுவார், அடுத்து வலது கை. வலது கை மட்டத்துக்கு வராவிட்டால் அதன் கைப்பிடியைச் சுழற்றி, துளையைக் கலப்பையின் முளைக்கு நேரே கொண்டுவருவார். கடைசியாக இரண்டுக்கும் நடுவே மேலே இருக்கும் மேல் தண்டு. கடையாணிகளைச் செருகிய பிறகு, “பூட்டிவிட்டேன், ஏறு” என்பார். இணைத்துவிட்டேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

அவர் வாயில் வருவதுதான் பொருளுக்கும் பொருத்தம். இந்த இயந்திரத்தை உருவாக்கிய ஹாரி பெர்குசன் கலப்பையைச் சும்மா பின்னால் இழுத்துச் செல்லவிடாமல், மூன்று புள்ளிகளில் பிடித்து இயந்திரத்தோடு ஒரே உடலாக்கினார். மண் இறுகினால் கலப்பை மேல் தண்டை முன்னோக்கி நெருக்கும். அந்த நெருக்கலுக்கு ஏற்ப, எண்ணெய் அழுத்தத்தால் தூக்கும் ஹைட்ராலிக் அமைப்பு கலப்பையைச் சற்று உயர்த்தும். மாடும் கலப்பையும் சேர்ந்து ஓருடலாக நிற்பதைத்தானே நாம் ‘ஏர்’ என்றோம்? ஏர் பூட்டினோம், வண்டி பூட்டினோம். அதனால் பெட்டியும் இச்சொல்லுக்குள் இயல்பாக அடங்கும்.

கதவுப் பூட்டு நினைவுக்கு வருமே என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. விடை ஒற்றில் இருக்கிறது. ‘பூட்டுக்கருவி’ என்று எழுதினால் அது பூட்டுக்கான கருவி. ‘பூட்டுகருவி’ வினைத்தொகை, ஊறுகாய், சுடுசோறு போல வல்லினம் மிகாது. பூட்டிய, பூட்டுகின்ற, பூட்டும் கருவி என்று முக்காலமும் காட்டும். தவிர, டயர் பூட்டுவது, மின்குமிழ் பூட்டுவது என்பதெல்லாம் இலங்கையில் அன்றாடப் பேச்சு. எதிர்ச்சொல்லும் கையிலேயே இருக்கிறது: கழற்றுதல்.

இயந்திரம் தூக்கிச் சுமப்பவற்றை ‘ஏந்து பூட்டுகருவி’ என்றும், பின்னால் உருண்டு வருபவற்றை ‘இழுவைப் பூட்டுகருவி’ என்றும் பிரிக்கலாம் என நினைக்கிறேன். இயந்திரத்தின் பின்னால் சுழலும் தண்டான சுழல்தண்டிலிருந்து விசை வாங்கி ஓடுபவற்றுக்குத்தான் எனக்கு இன்னும் நல்ல அடைமொழி கிடைக்கவில்லை. கந்தப்பளை, பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டங்களில் அவற்றை என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.