ஷிஃப்ட் வேலை, போர் தண்ணீர், காலையில் 40 நிமிடம்: ஆயுர்வேத தினசரியை எப்படி அமைப்பது?

சூளகிரி_38

வணக்கம்ங்க. வீடு சூளகிரி பக்கம், வேலை ஓசூரில். மூணு ஷிஃப்ட், வாரம் ஒண்ணாக மாறும். வயசு 38. சர்க்கரை, பிரஷர் இல்லை. மலச்சிக்கல், வறண்ட தோல், குதிகால் வெடிப்பு, இந்த மூணும்தான் தொந்தரவு.

ஆயுர்வேத தினசரி முறையைத் தொடங்கணும். நாக்கு வழிப்பது, எண்ணெய் கொப்பளிப்பது, வெந்நீர், உடம்புக்கு எண்ணெய், மூக்கில் சொட்டு, யோகா, திரிபலா (கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய்ப் பொடி) என்று எல்லாவற்றையும் கூட்டினால் இரண்டு மணி நேரம் ஆகுது. என்னிடம் இருப்பது 40 நிமிடம். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

வெறும் வயிற்றில் ஒரு லிட்டர் வெந்நீர் குடிக்கச் சொல்றாங்க. எங்க வீட்டில் போர் தண்ணீர். காய்ச்சினால் போதுமா? இன்னொண்ணு, எண்ணெய் தேய்த்தால் எவ்வளவு சோப்பு போட்டாலும் பிசுக்கு போகலை, குளியலறைக் குழாயும் அடைச்சுக்குது. நைட் ஷிஃப்ட் வாரத்தில் என்ன செய்றது? அம்மாவும் (64, பிரஷர் மாத்திரை எடுக்கிறாங்க) கூடவே தொடங்கணும்ங்கிறாங்க.

பென்னாகரம்_நீர்

முதலில் தண்ணீரைப் பார்த்துவிடலாம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பற்களில் பழுப்புக் கறை, முற்றினால் மூட்டு இறுக்கம் என்று தலைமுறையாகப் பார்த்து வருகிறோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடால் வரும் இந்த நோய்) பாதிப்பைக் குறைப்பது சேர்ந்திருக்கிறது. 2013-ல் அது செயல்பாட்டுக்கு வந்தது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை அனுமதி. இந்திய தர நிர்ணய அளவு இதுதான்.

காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. அது ஆவியாகிற பொருள் இல்லை. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் ஏறும். நம் வைத்திய முறையில் "பாதியாகச் சுண்டக் காய்ச்சிய வெந்நீர்" என்று ஒன்று உண்டு. நல்ல ஊற்று நீருக்கு அது சரி. லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருக்கும் போர் தண்ணீரை அப்படிச் சுண்டக் காய்ச்சினால் 4 ஆகிவிடும். செம்புக் குடத்தில் இரவு முழுக்க வைத்தாலும் ஃபுளோரைடு குறையாது.

அதனால் குடிக்க, சமைக்க, கொப்பளிக்க ஒகேனக்கல் தண்ணீரை மட்டும் தனிக் குடத்தில் பிடித்து வையுங்கள். குளிக்க, துவைக்க போர் தண்ணீர் போதும். தோல் வழியாக ஃபுளோரைடு பொருட்படுத்தும் அளவில் சேராது. காவிரித் தண்ணீர் வராத நாள் அதிகம் என்றால் போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்து ஃபுளோரைடு, கடினத்தன்மை இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆர்.ஓ. கருவி ஃபுளோரைடைப் பெருமளவு நீக்கும். ஆனால் மெம்பிரேன் (உள்ளே இருக்கும் வடிகட்டும் சவ்வு) தேய்ந்த பிறகும் தண்ணீர் தெளிவாகவே வரும், கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. வருடம் ஒருமுறை கருவியிலிருந்து வரும் தண்ணீரையும் சோதியுங்கள்.

அளவுக்கு வருவோம். எடுத்தவுடன் ஒரு லிட்டர் வேண்டாம். ஒரு டம்ளர், 200 மி.லி., இளஞ்சூட்டில், உட்கார்ந்து மெதுவாக. தாகமில்லாமல் மடமடவென்று ஊற்றினால் குமட்டும், காலைப் பசியும் மந்தமாகும்.

பல் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். ஃபுளோரைடு பாதித்த எனாமல் நுண்துளைகளோடு இருக்கும். அதன்மேல் கரித்தூள், செங்கல் தூள், கல்லுப்பு போட்டுத் தேய்த்தால் சீக்கிரம் தேய்ந்து கூச்சம் வந்துவிடும். வேப்பங்குச்சி என்றால் சுண்டுவிரல் பருமன், ஒரு சாண் நீளம். நுனியை மென்று நார் நாராக்கி, ஈறிலிருந்து பல் முனை நோக்கி மென்மையாக. எண்ணெய் கொப்பளித்தால் இந்தப் பழுப்புக் கறை போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கறை எனாமலுக்குள்ளேயே இருக்கிறது.

சாப்பாட்டில் நம் ஊர்க் களியை விட்டுவிடாதீர்கள். கேழ்வரகில் 100 கிராமுக்கு சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். உணவில் கால்சியம் போதுமான அளவு இருந்தால் ஃபுளோரைடு குடலில் உறிஞ்சப்படுவது குறையும். மதியம் களியும் கீரைக் கடைசலும் என்றால் உங்கள் மலச்சிக்கலுக்கும் அது ஆகும்.

அரூர்_செக்கு

எண்ணெய் பற்றி நான் எழுதுகிறேன்.

பிசுக்கு போகாததற்குக் காரணம் எண்ணெய் இல்லை, உங்கள் தண்ணீரின் கடினத்தன்மை. சோப்பு கடின நீரிலுள்ள கால்சியம், மெக்னீசியத்தோடு சேர்ந்து வெள்ளைப் பிசுக்காகத் திரியும். அது எண்ணெயோடு கலந்து உடம்பில் ஒட்டும், மிச்சம் குழாயில் போய் உறையும். இன்னும் சோப்பு போட்டால் இன்னும் பிசுக்குதான். அரப்பு, சீயக்காய் இரண்டிலும் நுரைப்பது சப்போனின். அது கடின நீரில் அப்படித் திரியாது. நம் பக்கத்துக் கரட்டுக் காடுகளில் உசிலை மரம் நிறைய. அந்த இலையை நிழலில் காயவைத்து இடித்ததுதான் அரப்பு.

ஒரு ஆளுக்குத் தலைக்கு 2 மேசைக்கரண்டி அரப்புத் தூள், உடம்புக்கு 4 மேசைக்கரண்டி பாசிப்பயறு மாவு. இரண்டையும் மெல்லிய துணியில் சலித்து, ஆறிய வடிகஞ்சியில் தளர்வாகக் கரையுங்கள். கெட்டியாகக் கரைத்தால் எண்ணெயைப் பிடித்துக்கொண்டு மாவு உருண்டையாகிக் குழாயை அடைக்கும். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், அரப்பு பட்டால் நன்றாக எரியும்.

குழாய் அடைக்காமல் இருக்க இன்னொரு வேலையும் உண்டு. குளிக்கப் போகும் முன் பழைய பருத்தி வேட்டித் துணியால் உடம்பை ஒருமுறை துடைத்தெடுங்கள். தோலுக்கு வேண்டியது அதற்குள் இறங்கியிருக்கும், மீதிதான் துணிக்கு வரும். அந்தத் துணியை வெந்நீரும் சலவை சோடாவும் போட்டு ஊறவைத்துத் தனியாக அலசுங்கள். வாஷிங் மெஷினில் போட்டால் எல்லாத் துணியிலும் எண்ணெய் வாடை ஏறும்.

எண்ணெய் எது? வறண்ட தோல், மலச்சிக்கல், வெடிப்பு மூன்றும் வாத லட்சணம் என்று சொல்வார்கள், அதற்கு நல்லெண்ணெய். சூளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் குளிருக்கும் அதுவே பொருந்தும். சித்திரை வெயிலில் உடம்புச் சூடு, அரிப்பு என்றால் தேங்காய் எண்ணெய்க்கு மாறலாம். கடையில் "தீப எண்ணெய்" என்று விற்பதை உடம்புக்கு எடுக்கவே கூடாது. பாட்டில் ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே இருப்பது கலப்பு.

முழு எண்ணெய்க் குளியலுக்கு உடம்புக்கு 40 முதல் 50 மி.லி., தலைக்கு 10 முதல் 15 மி.லி. எண்ணெயைக் காய்ச்சி அரை ஸ்பூன் சீரகம், நான்கு மிளகு போட்டு, சீரகம் பொரிந்ததும் இறக்குங்கள். புகைய விட்டால் எண்ணெய் கெட்டுப்போகும். முழங்கை உள்பக்கம் ஒரு சொட்டு விட்டு, சுடாத சூட்டில் தொடங்குங்கள். கை கால் நீள எலும்புகளில் நீளவாக்கில், மூட்டுகளில் வட்டமாக, வயிற்றில் வலமிருந்து இடமாகச் சுற்றி. வயிற்றை அழுத்த வேண்டாம். 15 நிமிடம் தேய்த்து 20 நிமிடம் ஊறினால் போதும். தலைக்கு ஊற்றும் தண்ணீர் இளஞ்சூட்டுக்கு மேல் போகக் கூடாது. கழுத்துக்குக் கீழ் வெந்நீர் பலம் தரும், தலையில் கொதிநீர் கண்ணுக்கும் முடிக்கும் ஆகாது என்பது பழைய விதி.

ஒகேனக்கல் அருவிப் பக்கம் செய்கிற அழுத்தமான மசாஜை மனதில் வைத்துக்கொண்டு தினமும் வீட்டில் அப்படித் தேய்க்காதீர்கள். அது எப்போதாவது ஒருநாள் செய்துகொள்வது. தினசரி அப்யங்கம் (எண்ணெய் தேய்ப்பு) தோலோடு போகிற மென்மையான வேலை.

உங்களுக்கு வாரம் ஒருமுறை, முடிந்தால் இருமுறை முழுக்கு. மற்ற நாள் தலை, காது மடல், பாதம் மூன்றுக்கு மட்டும் எண்ணெய் தொட்டால் போதும். இந்த மூன்றுக்கும் விசேஷமாக எண்ணெய் தேய்க்கணும் என்றுதான் ஆயுர்வேத நூலிலும் இருக்கிறது. இரவு படுக்கும் முன் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் இரண்டு பாதத்துக்கும், பிறகு பருத்தி சாக்ஸ். குதிகால் வெடிப்பு இரண்டு மூன்று வாரத்தில் இளகும். வெடிப்பில் ரத்தமோ சீழோ இருந்தால் எண்ணெய் வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள். சளி, காய்ச்சல், அஜீரணம், பேதி இருக்கும் நாட்களில் முழுக்கு கூடாது.

அம்மா குளியலறையில் நின்றுகொண்டு தேய்க்கவே வேண்டாம். முற்றத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, உள்ளங்காலைத் துடைத்துவிட்ட பிறகே நடக்கவிடுங்கள். அந்த வயதில் வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும்.

சூளகிரி_38

ரொம்ப நன்றிங்க, சோப்புதான் காரணம்னு யோசிக்கவே இல்லை. எண்ணெய் கொப்பளிப்பது, மூக்குச் சொட்டு, திரிபலா, நைட் ஷிஃப்ட் பற்றியும் யாராவது சொல்லுங்க.

சித்தேரி_கடுக்காய்

எண்ணெய் கொப்பளிப்பதில் இரண்டு வகை. வாய் நிறைய எண்ணெய் வைத்து அசைக்காமல் இருப்பது கண்டூஷம். குறைவாக எடுத்து அலசுவது கவளம். நீங்கள் கவளம் செய்யுங்கள். 5 மி.லி.யில் தொடங்கி 10 மி.லி. வரை, ஐந்து நிமிடம். இருபது நிமிடம் தேவையில்லை, தாடை வலிதான் மிஞ்சும். நேரத்தை மிச்சப்படுத்த வாயில் எண்ணெயோடு யோகா, மூச்சுப்பயிற்சி செய்யாதீர்கள். புரையேறி எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் அழற்சி வரும். அதே காரணத்துக்காகச் சிறு பிள்ளைகளுக்கு இது வேண்டவே வேண்டாம். விழுங்காமல் குப்பையில் துப்புங்கள், தொட்டியில் இல்லை. நாக்கு வழிப்பது அதற்கு முன்பு: பின்னிருந்து முன்னாக ஆறேழு முறை, தொண்டைக்குள் போகாமல்.

மூக்குச் சொட்டை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். நீங்கள் சொன்ன மூன்று தொந்தரவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தினமும் எண்ணெய் விடுவதிலும் நுரையீரல் ஆபத்து உண்டு, மருத்துவர் பார்த்துச் சொன்னால் மட்டும்.

திரிபலா: அரைத் தேக்கரண்டி, வெந்நீரில், இரவுச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து. இரண்டு வாரம் பாருங்கள். இளக்கமாகப் போனால் பாதியாகக் குறையுங்கள். வீட்டில் இடிப்பதானால் கடுக்காய்க் கொட்டையை நீக்கிவிட்டுத்தான் எடை போட வேண்டும். "சுக்குக்குப் புறணி நஞ்சு, கடுக்காய்க்கு அகணி நஞ்சு" என்பது அதற்காகத்தான். துவர்ப்பு இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆகவே இரும்பு மாத்திரை எடுப்பவர்கள் இரண்டு மணி நேர இடைவெளி விடணும். கர்ப்பிணிகளுக்குக் கூடாது.

அம்மாவுக்குத் திரிபலா தொடங்கும் முன் மாத்திரை எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள். அதைவிட முக்கியம் அதிமதுரம். பல்பொடி, இருமல் கஷாயம், மூலிகை டீ என்று பலவற்றில் அது இருக்கிறது. தொடர்ந்து உள்ளே போனால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். இந்துப்பும் பிரஷருக்கு விலக்கு கிடையாது, அதிலும் சோடியம்தான், அயோடினும் சேர்க்கப்பட்டிருக்காது. எந்த மருந்து வாங்கினாலும் லேபிளில் உற்பத்தி உரிம எண் இருக்கிறதா என்று பார்க்கணும். பேர் ஊர் இல்லாத பொட்டலத்தில் ஈயமோ பாதரசமோ இருந்தால் நமக்குத் தெரிய வழியே இல்லை. அரசு மருத்துவமனை சித்தா பிரிவில் கேட்டு வாங்குவது நல்லது.

இனி நைட் ஷிஃப்ட். தினசரியைக் கடிகாரத்தோடு கட்டாமல் நீங்கள் எழும் நேரத்தோடு கட்டுங்கள். இரவு விழித்தவர், விழித்த நேரத்தில் பாதியை மறுநாள் காலை சாப்பிடும் முன் தூங்கித் தீர்க்கணும் என்று ஆயுர்வேதத்தில் ஒரு விதி உண்டு. அது என்றைக்கோ ஒருநாள் கண் விழித்தவருக்கு. வாரம் முழுக்க விழிப்பவருக்குப் பாதி போதாது, ஏழு மணி நேரம் வேண்டும். ஆனால் "சாப்பிடும் முன்" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஏழரைக்கு வீட்டுக்கு வந்து இட்லி, பொங்கல் என்று வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுத்தால் நெஞ்செரிச்சலும் மலச்சிக்கலும் கூடும். பசி தாங்காவிட்டால் ஒரு டம்ளர் இளஞ்சூட்டுக் கஞ்சி. எட்டு மணிக்கு அறையை இருட்டாக்கிப் படுத்து மூன்று மணிக்கு எழுந்தால், நாக்கு, பல், வெந்நீர், நடை எல்லாம் அப்போது. பிறகு பிரதான சாப்பாடு. இரவு வேலைக்கு முன் இலேசாக. கடைசி டீ இரவு ஒரு மணிக்குள்.

அந்த வாரம் முழுக்கு வேண்டாம். எண்ணெய் தேய்த்துக் குளித்த நாள் பகல் தூக்கம் ஆகாது என்பது நம் வழக்கம், உங்களுக்கோ பகலில் தூங்கியே ஆகணும். பாத எண்ணெயை மட்டும் படுக்கும் முன் தொடருங்கள். திரிபலாவையும் அந்த வாரம் நிறுத்தலாம்.

முதல் ஷிஃப்ட் வாரத்துக்கு 40 நிமிடம் இப்படி: மலஜலம், நாக்கு, பல் 10; கொப்பளிப்பு 5; வெந்நீர் 3; உடற்பயிற்சி 12; குளியல் 10. உடற்பயிற்சி பாதிச் சக்திக்குத்தான்: நெற்றியில் வியர்வை துளிர்த்து, வாயால் மூச்சு வாங்கத் தொடங்கினால் நிறுத்துங்கள். நாலேகாலுக்கு எழணும் என்றால் ஒன்பதுக்குள் படுத்தாகணும். படுக்க முடியாத நாளில் கொப்பளிப்பையும் பயிற்சியையும் விட்டுவிட்டு கால் மணி கூடுதலாகத் தூங்குங்கள்.

பென்னாகரம்_நீர்

மேலே சொன்னதோடு ஒன்று: ஆய்வகத்துக்குத் தண்ணீர் எடுக்கும்போது மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, தொட்டியிலிருந்து இல்லாமல் போர் குழாயிலிருந்தே பிடியுங்கள். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, கழுத்து வரை நிரப்பி மூடுங்கள். மழைக்காலத்துக்குப் பிறகு ஒன்று, சித்திரையில் ஒன்று என இருமுறை பார்த்தால்தான் உண்மை அளவு தெரியும்.