லிஃப்ட் வாசலில் ஒரு தேரை

பெரியம்மா: படம் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள். மழை விட்டதும் எங்கள் புளோக் கீழே லிஃப்ட் வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறது, அரை மணி நேரமாக நகரவில்லை. நான் எப்படி மேலே போவது?

ஈசூன் மாமா: அக்கா, அது சாதாரணத் தேரை. பழுப்பு நிறம்தானே, ஒன்றும் செய்யாது. பளிச்சென்று சிவப்பு, மஞ்சளாக இருந்தால்தான் விஷம். கையால் தூக்கி லோங்காங்கில், அதுதான் கீழே ஓடும் வடிகாலில், விடுங்கள்.

அண்ணி: ஐயோ மாமா, கையால் வேண்டாம்! பெரியம்மா, படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் புடைப்பு இருக்கிறதா? விஷம் அங்கேதான். அமுக்கினால் பால்போல் கசியும். நாய் கடித்தால் வாயில் நுரை தள்ளும். தொட்டால் செத்துவிட மாட்டீர்கள், ஆனால் அந்தக் கையோடு கண்ணைக் கசக்கினால் எரிச்சல் தாங்காது.

ஈசூன் மாமா: அப்புறம் அந்தக் கலர் தவளைகள் எல்லாம்? சும்மா அழகுக்கா?

அண்ணி: அழகுக்கு இல்லை மாமா. "என்னைத் தின்னாதே" என்ற விளம்பரப் பலகை. தேரைக்கு விஷம் உண்டு, பலகை இல்லை, அவ்வளவுதான். அந்த நிறத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது, அபோசெமாட்டிசம்.

பெரியம்மா: வாயில் நுழையவில்லை மா

தம்பி: கிரேக்கச் சொல் பெரியம்மா. அபோ என்றால் விலகி, செமா என்றால் அடையாளம். 1890-இல் போல்டன் என்ற ஆங்கிலேயர் வைத்த பெயர். நாம் எச்சரிக்கை நிறம் என்று சொன்னால் போதும்.

அண்ணி: பெயர் பின்னால் வந்தது, யோசனை அதற்கும் முன்னால். 1867-இல் டார்வினுக்கு ஒரு குழப்பம். பறவைகளின் பகட்டு நிறம் துணையைக் கவர என்று சொல்லிவிட்டார், ஆனால் கம்பளிப்புழு இணை சேர்வதே இல்லையே, அதற்கு ஏன் இத்தனை நிறம்? அவரைப் போலவே இயற்கை ஆய்வாளரான வாலஸிடம் கேட்டார். வாலஸ் சொன்ன பதில் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: புழு கசக்கிறது என்று பறவை கொத்திப் பார்த்துத் துப்பினாலும் புழு செத்துப்போயிருக்கும், அதனால் கசப்பு மட்டும் போதாது, கொத்துவதற்கு முன்னாலேயே தெரிகிற மாதிரி ஓர் அடையாளம் வேண்டும். தவளைக்கும் அதே கணக்குதான்.



தம்பி: கொரியா, சீனா பக்கம் ஒரு தேரை, முதுகு பச்சை, வயிறு செக்கச்சிவப்பு. சும்மா இருக்கும்போது ஒளிந்துகொள்ளும். யாராவது சீண்டினால் உடம்பை வில்லாக வளைத்து வயிற்றுச் சிவப்பைக் காட்டும். பலகையைத் தேவைப்படும்போது மட்டும் தூக்குகிறது.

பெரியம்மா: உன் மாமா கோபம் வந்தால் வேட்டியை மடித்துக் கட்டுவது போல

ஈசூன் மாமா: 😑

அண்ணி: கொலம்பியாவின் பசிபிக் கரைக் காட்டில் தங்க நிறத் தவளை ஒன்று, ஐந்து சென்டிமீட்டர்தான். அங்கே வாழும் எம்பெரா பழங்குடி மக்கள் முன்பெல்லாம் ஊதுகுழல் அம்பின் நுனியை அதன் முதுகில் தேய்த்துக்கொண்டு வேட்டைக்குப் போவார்கள். ஆனால் அதே இனத்தைக் கண்ணாடித் தொட்டியில் பழ ஈயும் சுவர்க்கோழியும் போட்டு வளர்த்தால் விஷம் வருவதில்லை! இந்த வகைத் தவளைகள் விஷத்தைத் தாங்களாகச் செய்வதில்லை, காட்டில் தின்கிற எறும்பு, சின்ன வண்டு, சிற்றுண்ணி இவற்றிலிருந்து எடுத்துத் தோலில் சேர்த்துக்கொள்கின்றன. தொட்டியில் பிறந்ததற்கு நிறம் மட்டும் அப்படியே இருக்கும்.

ஈசூன் மாமா: அதாவது கடை மூடிவிட்டது, பலகை மட்டும் தொங்குகிறது

பெரியம்மா: நுணலும் தன் வாயால் கெடும் என்று எங்கள் வாத்தியார் சொல்வார். இது வாயால் அல்லவா பிழைக்கிறது!

அண்ணி: 😂 சரி பெரியம்மா, விளக்குமாறால் மெதுவாக முறத்தில் தள்ளிப் புல் பக்கம் விடுங்கள். முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பெரியம்மா: விளக்குமாறு ஒன்பதாவது மாடியில் இருக்கிறது மா. அதை எடுக்கவும் லிஃப்டில்தான் போக வேண்டும்.

தம்பி: இப்போது எங்கே இருக்கிறது?

பெரியம்மா: நீங்கள் டார்வின் கதை பேசிக்கொண்டிருந்தபோதே அது போய்விட்டது. நான் வீட்டுக்கு வந்து தோசை வார்த்துக்கொண்டிருக்கிறேன்.